ரீஃபேஸ்டு கிராங்க்: 'விலகுமுளைக் கிராங்க்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் இரட்டை உருளை எஞ்சின்களைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது அதிர்வைக் குறைக்கப் பொருத்தப்படும் 'ரீஃபேஸ்டு கிராங்க்'குக்குக் 'கட்டமாற்றக் கிராங்க்' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டே கிராங்க். இயற்பியல் பாடநூல்களில் 'ஃபேஸ்' (phase) என்பதற்குக் 'கட்டம்' வழக்கில் இருப்பதால் அது முறையான ஆக்கமே. ஆயினும் எஞ்சினைத் திறந்து வைத்திருப்பவருக்கு எந்த உறுப்பில் எது மாறுகிறது என்பதை அச்சொல் காட்டவில்லை.

எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937இல் அறிமுகமான டிரையம்ஃப் ஸ்பீட் ட்வின் மோட்டார் சைக்கிளில், பிஸ்டன்களின் கனெக்டிங் ராடுகள் கிராங்க்கைப் பற்றும் முளைகள் இரண்டும் ஒரே கோட்டில் அமைந்தவை. ஆகவே இரு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும். 360 பாகைக்கு ஒருமுறை எரிப்பு சீராக நிகழ்ந்தாலும், ஏறியிறங்கும் நிறை முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் உதைப்பதால், அதிர்வு ஒற்றை உருளை எஞ்சினின் தன்மையிலேயே இருக்கும். கிராங்க்கின் எதிரெடையைக் கூட்டினால் செங்குத்து அதிர்வு குறைந்து கிடைமட்ட அதிர்வு கூடும். 1967இல் வந்த நார்ட்டன் கமாண்டோ மோட்டார் சைக்கிள், தன் எஞ்சினை ரப்பர் தாங்கிகளில் ஏற்றி, அதிர்வு ஓட்டுபவரை எட்டாமல் தடுத்தது. அதிர்வு எஞ்சினுக்குள் அப்படியே இருந்தது.

ரீஃபேஸ்டு கிராங்க்கில் செய்வதுபோல் முளைகளுக்கிடையே 90 பாகை இடைவெளி விட்டால், ஒரு பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நின்று திரும்பும் வேளையில் மற்றது ஏறத்தாழ முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை எழும் இரண்டாம்படி விசைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பக்கவாட்டில் ஓர் ஆட்டம் புதிதாகச் சேரும் என்பதும், எரிப்பு இடைவெளி 270, 450 பாகை எனச் சமமற்றுப் போகும் என்பதும் உண்மை. கனெக்டிங் ராடின் சாய்வினால் பிஸ்டனின் உச்ச வேகம் 90 பாகைக்கு முன்னரே வந்துவிடுவதால், பொறியாளர் ஃபில் இர்விங் 76 பாகையைப் பரிந்துரைத்தார்.

செய்யப்படும் வேலை முளையை விலக்குவதுதான் என்பதால், பழைய அமைப்பை 'இணைமுளைக் கிராங்க்' என்றும் புதியதை 'விலகுமுளைக் கிராங்க்' என்றும் அழைக்கலாம் என்பது என் முன்மொழிவு. '76 பாகை விலகுமுளை', '180 பாகை விலகுமுளை' என எண்ணைச் சேர்த்தால் எல்லா வகைகளும் அடங்கிவிடும்.

வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் 'விலக்கு' என்ற இதே வினை பொருந்துகிறது. அது கிராங்க்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், 76 பாகை முளை விலக்கலுக்கு ஓர் உருளையின் கேம்களை 38 பாகை விலக்க வேண்டும். பற்றவைப்பையும் ஒவ்வோர் உருளைக்கும் தனியே அமைக்க வேண்டும். அதற்குரிய சொல்லை அடுத்து எடுத்துக்கொள்ளலாம்.