அகலமான புல்வெட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

நான் தேடுவது ஒரே ஒரு பொருளுக்கான சொல். வீட்டுப் புல்தரையை வெட்டும் வண்டி. பின்னால் நடந்துகொண்டே ஓட்ட வேண்டும். ஆனால் எல்லார் வீட்டிலும் கிடக்கும் 21 அங்குல வண்டி அல்ல. 28, 30, 33 அங்குலம் என்று ஒரே ஓட்டத்தில் அகலமாக வெட்டிக்கொண்டு போகிற வண்டி. ஒஹாயோவில் எங்கள் பகுதியில் புதிதாக வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் இதைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பத்தியிலேயே சொல் இல்லாமல் நின்றுவிட்டேன்.

இதற்கு என்ன சொல் வைக்கலாம் என்று முன்பு இங்கே கேட்டதற்கு வந்த பரிந்துரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> 'மோவர்' என்றே எழுதிவிடலாமே, எல்லாருக்கும் புரிகிறது.

பேச்சில் நானும் மோவர் என்றுதான் சொல்கிறேன். ஆனால் வாங்கப் போகிறவருக்கு ஐந்தாறு வகைகளைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. மோவர் என்று தொடங்கினால் அதன் முன்னும் பின்னும் ஒட்டுகிற எல்லாமே ஆங்கிலமாகிவிடும். அப்புறம் கையேட்டில் வினைச்சொல் மட்டும்தான் தமிழாக மிஞ்சும்.

> புல்லரிப்பான்

அரிதல் நல்ல வினை, அரிவாளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் புல்லரிப்பு என்றதும் மேனி சிலிர்ப்பதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். இதை விட்டுவிடுவோம்.

> புல்மழிப்பி

இதைப் படித்ததும் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் இதையே வைத்து எழுதிப் பார்த்தேன். பிறகுதான் பிடிபட்டது: இந்த வண்டி செய்யக் கூடாத வேலைக்குப் பெயர்தான் மழித்தல்.

மழித்தல் என்றால் தோல் தெரிய எடுப்பது. 'மழித்தலும் நீட்டலும்' என்ற குறளிலும் அதே பொருள்தான். புல்தரையை அப்படி எடுத்தால் தரை செத்துப்போகும். எங்கள் ஊர்க் குளிர்நாட்டுப் புல்லை மூன்று அங்குல உயரம் நிற்கும்படி வெட்டுவது வழக்கம். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது எல்லாரும் சொல்லும் விதி. அகலமான வண்டியில்தான் மழித்துவிடும் ஆபத்து அதிகம். 21 அங்குல வண்டி சிறு மேட்டில் ஏறி இறங்கிவிடும். 30 அங்குல வண்டியில் சக்கரங்கள் மேட்டின் இருபுறமும் பள்ளத்தில் நிற்க, நடுவே கத்தி மேட்டின் உச்சியைச் சீவிவிடும். என் வீட்டின் பின்புறம் பழைய மேப்பிள் மரத்தின் வேர் மண்ணுக்கு மேலே முதுகு காட்டும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மண்நிறத் தழும்பு ஜூன் மாதம் முழுக்க இருந்தது. அதைத்தான் மழிப்பு என்று சொல்ல வேண்டும். ஆகவே சொல்லைத் தூக்கிப் போட வேண்டாம். பழுதின் பெயராக வைத்துக்கொள்வோம். 'மேடு பள்ளமான தரையில் அகலமான வண்டி மழிக்கும்' என்று எழுதினால் யாருக்கும் விளக்கமே தேவைப்படாது.

செதுக்குதலும் இப்படித்தான். புல் செதுக்குவது என்றால் வேரோடு சுரண்டி எடுப்பது. அறுத்தல் மாட்டுக்குத் தீவனம் சேர்க்கிற வேலை. 'புல்திருத்தி' என்று எழுதியவருக்கு நன்றி, முடிதிருத்தகம் மாதிரி அழகாக இருக்கிறது. ஆனால் அதை வேலியோரம் நைலான் நரம்பைச் சுழற்றி ஓரம் வெட்டுகிற சின்னக் கருவிக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வண்டிக்கு வெட்டு என்ற எளிய வினையே போதும். புல்வெட்டி. ஏற்கெனவே புழங்குகிற சொல்லும் அதுதான்.

சரி, இனி முன்னொட்டுகள். இதில்தான் எனக்குச் சிக்கல்.

> பின்நடைப் புல்வெட்டி

பின், நடை இரண்டும் புணர்ந்தால் பின்னடை ஆகிவிடும். வாசிப்பவர் கண் பின்னடைவுக்குத் தாவும். மேலும் 'பின்' தேவையே இல்லை. ஏறி உட்கார்ந்து ஓட்டுவது ஒன்று, நடந்து ஓட்டுவது ஒன்று, அவ்வளவுதானே? நடைப் புல்வெட்டி, அமர்வுப் புல்வெட்டி என்று பிரித்துவிடலாம். வண்டிக்கு முன்னால் யாரும் நடக்கப் போவதில்லை.

இதை எழுதும்போது ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பக்கம் எட்வின் படிங் 1830இல் காப்புரிமை பெற்ற முதல் புல்வெட்டி, 19 அங்குல அகலம். துணி ஆலையில் துணியின் மேல்மயிரைச் சீராக வெட்டும் உருளையைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதன் பின்னால் ஒருவர் தள்ளுவார். இன்னொருவர் இழுக்க முன்னாலும் ஒரு கைப்பிடி இருந்தது. 1842இல் ஸ்காட்லாந்தின் ஆர்பிரோத் ஊரில் அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் அதை 27 அங்குலமாக்கினார். ஆள் தள்ள முடியவில்லை, மட்டக்குதிரை பூட்டினார்கள். அகலம் கூடினால் இழுக்க வேறு ஏதாவது வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. இன்று அந்தக் குதிரை வேலையைச் சக்கரத்தோடு இணைந்த எஞ்சின் செய்கிறது. 30 அங்குல வண்டி அறுபது கிலோவை ஒட்டி எடை வரும். சக்கரம் தானே உருளாவிட்டால் சரிவில் ஏற்றவே முடியாது. 'தானுந்து' என்ற சொல் காருக்குப் போய்விட்டதால் இந்த வசதியைத் 'தானுருளும்' என்று எழுதியிருக்கிறேன். மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

இப்போது அகலம். வாங்குகிறவர் தீர்மானிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான், சொல்லும் இங்கேதான் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரை ஏக்கர் புல் என்றால் 50 சென்ட், 21,780 சதுர அடி. ஒவ்வொரு ஓட்டத்திலும் முந்தைய ஓட்டத்தின் மேல் மூன்று அங்குலம் ஏற்றி வெட்டினால்தான் நடுவில் கீற்று விடுபடாது. அப்படியானால் 21 அங்குல வண்டி உண்மையில் 18 அங்குலம் வெட்டுகிறது. மொத்தம் நடக்க வேண்டியது 14,520 அடி, அதாவது இரண்டே முக்கால் மைல். 30 அங்குல வண்டி 27 அங்குலம் வெட்டும். நடை 9,680 அடி, இரண்டு மைலுக்கும் குறைவு. மணிக்கு மூன்று மைல் வேகத்தில் போனால் முன்னது 55 நிமிடம், பின்னது 37 நிமிடம். திரும்புகிற நேரத்தைச் சேர்க்கவில்லை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை வாராவாரம் நடக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இந்தக் கணக்கை எழுதியபோது ஓட்டம், வரிசை, கீற்று, பட்டை என்று வாக்கியத்துக்கு ஒரு சொல்லாகத் தடுமாறினேன். அப்போதுதான் உழவில் இதற்குச் சொல் இருக்கிறதே என்று தோன்றியது: சால். ஏர் ஒருமுறை போய் விட்டுச் செல்லும் கோடு. அதை எடுத்துக்கொண்டால் வெட்டும் அகலத்துக்குச் 'சால் அகலம்', மேலேற்றி வெட்டுவதற்குச் 'சால் ஏற்றம்', வண்டிக்கு 'அகலச்சால் புல்வெட்டி'. வண்டியின் கைப்பிடிக்கும் ஏரின் கைப்பிடியைப் போல மேழி என்று வைத்துவிட்டால் முழுக் குடும்பமும் ஒன்றாகிவிடும்.

உங்கள் கருத்தை அறிய ஆவல்.

அன்புடன்,
ஒஹாயோவிலிருந்து

———

தம்பிக்கு,

வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

மழிப்பைப் பழுதுக்குப் பெயராக வைத்தது நன்றாக இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

சால் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. சால் என்பது ஏரின் இரும்பு முனையான கொழு மண்ணைக் கீறிய தடம். உங்கள் வண்டி மண்ணைத் தொடுவதே இல்லை. தொட்டால் அது நீங்கள் சொன்ன மழிப்பு. அப்படியிருக்க, சால் எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

மேழி வேண்டாம். நான் ஏர் பிடித்திருக்கிறேன். மேழியை ஒரு கையால் பிடிப்போம். மற்றக் கையில் மாட்டை ஓட்டும் தார்க்குச்சி இருக்கும். மேழியை அழுத்துகிற அழுத்தத்தில்தான் கொழு எவ்வளவு ஆழம் போகும் என்பது இருக்கிறது. உள்ளங்கையின் அடிப்பக்கம் காய்த்துப்போகும். உங்கள் வண்டியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள், அழுத்தினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். வேலை வேறு, கை வேறு. அழகுக்காக மேழியை இங்கே கொண்டுவர வேண்டாம். கைப்பிடி என்றால் கைப்பிடி.

இன்னொன்று. அரசுத் திட்டங்களில் விசை உழுவை, விசைக் களையெடுப்பான் என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறோம். விவசாயிகள் பவர் டில்லர், பவர் வீடர் என்றுதான் சொல்கிறார்கள், அது வேறு விஷயம். எஞ்சினோ மோட்டாரோ உள்ளதற்கு 'விசை' என்று முன்னால் போடும் வழக்கம் நிலைத்துவிட்டது. கையால் தள்ளும் உருளை வண்டியிலிருந்து பிரிக்க உங்களுக்கும் அது உதவும்.

———

ஐயா, வணக்கம்.

மேழியை விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் வண்டியைப் பிடித்து நின்று பார்த்தேன். அழுத்தினேன், முன்பக்கம் தூக்கிக்கொண்டது. கைப்பிடிதான்.

ஆனால் அந்தக் கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பி ஒன்று இருக்கிறதே, அதற்கு ஒரு பெயர் வேண்டும். கையை எடுத்ததும் கத்தி நின்றுவிட வேண்டும். அமெரிக்காவில் விற்கும் நடைப் புல்வெட்டிகளில் மூன்று நொடிக்குள் நிற்க வேண்டும் என்பது 1982இலிருந்து சட்டம். 'விடுநிறுத்தி' என்று வைத்திருக்கிறேன். விட்டால் நிறுத்துவது. குழந்தைகள் ஓடுகிற முற்றத்தில் புழங்கும் வண்டி என்பதால், இந்தச் சொல் படித்த கணமே புரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

'விசை'யை ஏற்கிறேன். படிங் செய்தது மாதிரியான வண்டி உருளைப் புல்வெட்டி, எங்களுடையது விசைப் புல்வெட்டி. பெட்ரோலா பேட்டரியா என்பதைத் தனியே சொல்லிக்கொள்ளலாம்.

சாலுக்கு என் பதில் இது. வெட்டி முடித்த புல்தரையை மாலை வெயிலில் பாருங்கள் ஐயா. வண்டி நம்மை விட்டு விலகிப் போன பக்கம் புல் அப்பால் சாய்ந்து வெளிறித் தெரியும்; நம்மை நோக்கி வந்த பக்கம் கரும்பச்சையாகத் தெரியும். ஒன்று விட்டு ஒன்று, வேலியிலிருந்து வீடு வரைக்கும். எத்தனை தடவை நடந்தோம் என்று எண்ணிவிடலாம். மண்ணில் கீறல் இல்லைதான். ஆனால் ஒருவர் பின்னால் நடந்து விட்டுச் சென்ற தடம் அங்கே கண்ணால் காணக் கிடக்கிறது. சால் என்ற சொல்லில் எனக்கு வேண்டியது அந்தத் தடமும் அதன் அகலமும்தான். பட்டை என்று எழுதினால் கோடு மட்டும் தெரிகிறது, நடந்தவர் தெரியவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. டோரோ நிறுவனத்தின் டைம்மாஸ்டர் 30 அங்குல வண்டி. கீழே நீளமான ஒற்றைக் கத்தி இல்லை, பக்கத்தில் பக்கமாக இரண்டு குட்டைக் கத்திகள். ஒன்றோடொன்று மோதாமல் பல்லுள்ள பெல்ட் சுழற்றுகிறது. ஒரே கத்தியாக இருந்தால் முன்பின் நீளமும் 30 அங்குலத்துக்குப் போய், மழிப்பு இன்னும் கூடும். ஆகவே கத்தியின் நீளம் ஒன்று, வெட்டிக் கிடக்கும் தரையின் அகலம் வேறொன்று. 'கத்தி அகலம்' என்று எழுதினால் வாங்குகிறவர் குழம்புவார். சால் அகலம் என்றால் தரையில் டேப் வைத்து அளப்பதைத்தான் சொல்கிறோம் என்று தெரிந்துவிடும்.

இதற்குமேலும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன். இப்போதைக்குக் கையேட்டின் முதல் பத்தியை இந்தச் சொற்களோடு எழுதிப் பார்த்திருக்கிறேன். வேலிக்கதவை அளக்காமல் 36 அங்குல வண்டியைக் கொண்டுவந்து வேலிக்கு வெளியே ஒரு வாரம் நிறுத்தி வைத்திருந்து, திருப்பிக் கொடுத்தவன் நான். அதனால் அளவில்தான் தொடங்கியிருக்கிறேன்:

"புல்தரை 20 சென்ட்டுக்குள் என்றால் 21 அங்குலச் சால் போதும். அரை ஏக்கரை நெருங்கினால் தானுருளும் அகலச்சால் புல்வெட்டியைப் பாருங்கள். மரவேரும் மேடும் நிறைந்த தரையானால் அகலத்துக்கு ஆசைப்படாதீர்கள், மழிக்கும். கொல்லைப்பக்கம் போகும் வேலிக்கதவு 36 அங்குலம் என்று வீட்டுப் பத்திரத்தோடு வந்த படத்தில் போட்டிருக்கலாம். கதவைத் திறந்து, கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே டேப்பைப் பிடித்து அளந்தால் முப்பத்து நான்கரைதான் வரும். புல்லைப் பக்கவாட்டில் தள்ளும் வாய் வண்டியின் அகலத்துக்கும் வெளியே துருத்தி நிற்கும். அதையும் சேர்த்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்."