ஸ்லாக் லோகோவும் அந்த 18 டிகிரியும்

கோட்டுச்சித்தன்: ஆபீஸ் அரட்டை ஆப் ஸ்லாக்கைப் பத்தி, "சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனி வாங்கினதும் ஸ்லாக்கோட ஹேஷ் (#) லோகோவை நாசம் பண்ணிட்டாங்க"ன்னு பக்கத்து இழையில பழையஹேஷ் எழுதியிருக்கார். லோகோ மாறினது 2019 ஜனவரி. கம்பெனி கைமாறினது 2021 ஜூலை. மாத்தினதுக்குக் காரணம் 11 நிறமும் 18 டிகிரி சாய்வும். வெள்ளை தவிர எந்தப் பின்னணியில வெச்சாலும் பல்லிளிக்கும். ஸ்லாக்கே அப்போ சொன்ன காரணம் இது.

பழையஹேஷ்: தேதியைப் பிடிச்சுத் தொங்காதீங்க. 18 டிகிரி குறையே இல்ல. எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காத எஸ்விஜி ஃபைலைக் கொடுத்தா எவன் திருப்பப் போறான்?

கோட்டுச்சித்தன்: எஸ்விஜி எவன் கேட்டு வாங்கறான்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்லைடுல ஒட்டறான். கோணலா இருக்கேன்னு நிமிர்த்தறான். நிமிர்ந்தா அது கீபோர்டுல இருக்கற ஹேஷ், அவ்வளவுதான். பிக்சல் படமான பிஎன்ஜியைத் திருப்பினா பிக்சல் எல்லாம் மறுபடி கணக்காகி ஓரம் மங்கும். பிரவுசர் டேப்ல வர்ற 16 பிக்சல் ஃபேவிகான் இன்னும் மோசம். சாய்ஞ்ச கோடு பிக்சல் கட்டத்துல உட்காராது, ஓரமெல்லாம் அரைகுறை நிறம். பட்டைகள் குறுக்கிடற இடத்துல வர்ற கலப்பு நிறம் அந்த அளவுல எங்க தெரியும்? அதுக்குத்தான் ஆப் ஐகானை வேற மாதிரி போட்டாங்க. கடைசியில ஒவ்வொரு ஐகானும் ஒவ்வொரு மாதிரி, எதுவும் லோகோ மாதிரி இல்ல.

நிறக்கலவை: புதுசு மட்டும் என்ன வாழுது? பென்டகிராம்ங்கற டிசைன் கம்பெனி கையில கொடுத்து நாலு நிறம், ரெண்டே வடிவம்: ஒரு மாத்திரை, ஒரு துளி. நாலு பக்கமும் காத்தாடி மாதிரி சுத்தி வெச்சதுல நடுவுல இருக்கற வெற்றிடம் ஸ்வஸ்திகா மாதிரி தெரியுதுன்னு வந்த உடனே புகார்.

தமிழ்ப்பித்தன்: "லோகோ" எதுக்கு? இலச்சினைன்னு எழுத வராதா?

நிறக்கலவை: இலச்சினைன்னா முத்திரை மோதிரம் சார். போன தடவை எழுத்துரு இழையையும் இப்படித்தான் கெடுத்தீங்க.

தமிழ்ப்பித்தன்: கெடுத்தது யாருன்னு அந்த இழையைப் படிச்சவங்களுக்குத் தெரியும்.

பழையஹேஷ்: சேனல் (அரட்டை அறை) பேருக்கு முன்னாடி நிக்கற ஹேஷ்தான் ஸ்லாக்கோட அடையாளம். அதுக்கு உயிர் கொடுத்ததே அந்தச் சாய்வு. இப்போ இருக்கறதை ஹேஷ்னு யார் சொல்லுவா?

கோட்டுச்சித்தன்: உயிர் இருந்து என்ன, எங்கயும் ஒழுங்கா உட்காரலையே? ஒரே நிறத்துல அச்சடிக்கணும்னா குறுக்குக் கட்டம் நாலும் பட்டையோட கரைஞ்சு போகும். புதுசுல ஒவ்வொரு துண்டும் தனித்தனி, நடுவுல இடைவெளி, எதுவும் சாயாம நேரா நிக்குது. கத்திரிப்பூ நிறப் பின்னணியிலயும் தெளிவா நிக்குது. பழசை 16 பிக்சல்ல எக்ஸ்போர்ட் பண்ணி 800 சதவீதம் பெருசாக்கிப் பார்த்துட்டு வாங்க, பேசலாம்.

பழையஹேஷ்: இப்போ எவன் 16 பார்க்கறான்? பிக்சல் அடர்த்தியான திரையில அது 32.

கோட்டுச்சித்தன்: 32லயும் சாய்வு அதே 18 தான்.

பழையஹேஷ்: 18 இருந்தா என்னன்னுதான் முதல்ல இருந்து கேக்கறேன்.