அவுட்லா கன்ட்ரி: இவர்கள் யாரை எதிர்த்தார்கள்?

அல்சூர்வாசி:
சர்ச் தெருவில் இரண்டு பழைய இசைத்தட்டுகள் வாங்கினேன். ஒன்று 1960களின் நாஷ்வில் பாடல்கள், அதாவது அமெரிக்க கன்ட்ரி இசைக் கம்பெனிகளின் தலைநகரில் பதிவானவை. வயலின் கூட்டமும் கோரஸுமாக, பாயசத்தில் மறுபடியும் சர்க்கரை கொட்டியதுபோல் இருக்கிறது. மற்றது பாடகர் வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' (1975), அவுட்லா கன்ட்ரி என்கிறார்கள். நைலான் கம்பி கிதாரும் குரலும்தான் பெரும்பாலும். இரண்டும் கன்ட்ரி இசையா? 'அவுட்லா' (சட்டத்தை மீறியவர்) என்றால் சிறைக்குப் போனவர்களா?

பழைய கிதார்:
சிறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை தம்பி. இவர்கள் மீறியது நாஷ்வில் கம்பெனிகளின் வழக்கத்தை. ராக் அண்ட் ரோல் வந்து கேட்பவர்களை இழுத்துக்கொண்டதும், நகரத்துக் காதுக்காக நாஷ்வில் பூசிய மெருகு அந்த வயலின். பாட்டைத் தயாரிப்பாளர் தேர்ந்தெடுப்பார். வாசிக்க ஸ்டுடியோ ஆட்கள் இருப்பார்கள். பாடகரோடு ஊர் ஊராகச் சுற்றிய குழுவுக்குப் பெரும்பாலும் உள்ளே இடமில்லை.

இது எனக்குத் தெரிந்த வலி. சிவாஜிநகரில் கல்யாணக் கச்சேரிக் குழுவில் இருந்தபோது ஒரு பக்திப் பாடல் கேசட்டுக்குப் போனோம். ஸ்டுடியோக்காரர் தாளத்தை இயந்திரத்தில் போட்டுவிட்டார். எங்கள் தபேலாக்காரர் உறையைக்கூட அவிழ்க்காமல் வாசலில் மூன்று டீ குடித்தார். பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் 1972இல் தன் இசைத்தட்டுக் கம்பெனியான ஆர்சிஏவிடம் சண்டை போட்டு வாங்கியது, தன் பதிவைத் தானே முடிவுசெய்யும் உரிமையைத்தான். அடுத்த ஆண்டே அவருடைய 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' தட்டு வந்தது. ஒன்றைத் தவிர எல்லாப் பாடலையும் எழுதியதில் பாடலாசிரியர் பில்லி ஜோ ஷேவரின் கை இருக்கிறது. மர அறுவை ஆலையில் விரல்களை இழந்த கை அது.

கோரமங்களா:
ரொம்பவும் உருகாதீர்கள். 1976இல் வேலன், வில்லி முதலியோரின் பாடல்களைத் தொகுத்து 'வான்டட்! தி அவுட்லாஸ்' தட்டை வெளியிட்டது அதே ஆர்சிஏதான். பெரும்பாலும் கைவசமிருந்த பழைய பதிவுகள், புதிய அட்டை. பத்து லட்சம் பிரதிகள் விற்றதற்கான பிளாட்டினம் சான்றிதழ் பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பமும் அதுதான். கலகத்தையும் கம்பெனியே விற்றது.

பழைய கிதார்:
விற்கட்டுமே. கம்பெனி காசு பார்த்தது என்பதற்காக வேலன் வாங்கிய உரிமை பொய்யாகிவிடாது. வில்லியின் 1975 தட்டைக் கேட்டுவிட்டு, இது வெறும் மாதிரிப் பதிவு என்றுதான் அவருடைய கம்பெனியான கொலம்பியாவின் அதிகாரிகள் நினைத்தார்கள். முடிவு வில்லியுடையது என்று ஒப்பந்தம் இருந்ததால் அப்படியே வந்தது. இல்லாவிட்டால் அதிலும் எட்டு வயலின் ஏறியிருக்கும்.

அல்சூர்வாசி:
நன்றி ஐயா. அந்தக் கடையில் 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' இருக்கிறது. அட்டையில் தண்ணீர்க் கறை. வாங்கலாமா?

பழைய கிதார்:
அட்டையை விடுங்கள். தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் வேண்டாம்.