பாத்திக்குச் செங்கல் கட்டினேன், கறிவேப்பிலை கோபித்துக்கொண்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கொல்லையில் அம்மா போட்ட பாத்தி. 10 அடி நீளம், 4 அடி அகலம். நடுவில் கறிவேப்பிலை, மூலையில் வாசனை இலைக்கு ரம்பை. மாலை மழை வந்தால் போதும், பாத்தி மண் வாசல் வரை வந்துவிடும். பெருக்கி அலுத்துப்போய், சுற்றிலும் செங்கல் கட்டிவிட இறங்கினேன்.

கல்லுக்குச் செலவில்லை. தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த பழைய லயத்தை இடித்தபோது பெரியப்பா கேட்டு வாங்கி வந்தவை கிடந்தன. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கற்கள். மண்வெட்டிக் காம்பால் தட்டினாலே சாந்து பொரிப்பொரியாக உதிர்ந்தது. சிமெண்டாக இருந்திருந்தால் கல்தான் உடைந்திருக்கும். சுற்றளவு 28 அடி. சாந்தோடு சேர்த்து ஒரு கல்லுக்கு 9 அங்குலம். வரிசைக்கு 38, மூன்று வரிசைக்கு 114. உடைசலுக்கு 10 கூட எடுத்துவைத்தேன்.

நூல் பிடித்து வாய்க்கால் வெட்டும்போது கட்டைவிரல் பருமனில் ஒரு வேர் குறுக்கே வந்தது. வெட்டிவிட்டேன். சுவர் எழும்பியதும் அழகாக இருக்கட்டுமே என்று விளிம்பு வரை புது மண்ணைக் கொட்டினேன். அது நவம்பர். மூன்று வாரத்தில் கறிவேப்பிலை மஞ்சளாகி உதிரத் தொடங்கியது.

பெரியப்பா வந்து பார்த்தார். தண்டோரம் விரலால் தோண்டினார். புதைந்திருந்த பட்டை ஊறிப்போய் நகம் பட்டதும் கழன்றது. “மரத்தின் கழுத்து வரைக்கும் மண்ணைப் போட்டு மூடியிருக்கிறாயே, அது எப்படியடா மூச்சு விடும்?” என்றார். வேர் பிரியும் இடம் தெரியும்வரை கையாலேயே மண்ணை அள்ளினார். பிறகு உளியை வாங்கி, அடிவரிசையில் நான்கு கல்லுக்கு ஒன்றாக கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் இணைப்பின் சாந்தைத் தட்டி எடுத்தார். முதல் ஓட்டை விழுந்ததும் தேநீர் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. இத்தனை நாளும் நான் கட்டியது தொட்டி.

*

அண்ணே, உங்கள் கறிவேப்பிலைக் கதையைப் படித்தேன். எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது வெட்சி. முன்வாசல் பாத்திக்குச் சிமெண்டுக் கலவையில் இரண்டு வரிசை கட்டி, மிச்சக் கலவையை அங்கேயே கழுவி ஊற்றினோம். சில மாதங்களில் சுவரை ஒட்டிய செடிகளில் மட்டும் இளம் இலை மஞ்சள், நரம்பு பச்சை. வெட்சிக்குப் புளிப்பான மண் வேண்டும். சிமெண்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடுகிறது, மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடிவதில்லை. உரம் போட்டுப் பயனில்லை. செடிகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நட்டோம். பின்கட்டுப் பாத்திக்குக் கலவையே வேண்டாம் என்று, கல்லைப் பாதி புதைத்துச் சாய்வாக நட்டுவிட்டோம். கொஞ்சம் கோணல்தான், இருக்கட்டும்.

*

அண்ணே, என் பங்குக்கு, பழைய கல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. நடுவில் குழியுள்ள கல்லென்றால் மேல்வரிசையில் குழியைக் கீழ்ப்பக்கமாக வையுங்கள். நான் மேற்புறமாக வைத்தேன். ஒரு மழைக்குப் பிறகு பார்த்தால் குழிக்குக் குழி கொசுப்புழு நெளிகிறது. டிங்கிக் காய்ச்சலுக்கு நாமே தொட்டில் கட்டிய மாதிரி. சோதனைக்கு வருபவர்கள் கண்ணில் பட்டிருந்தால் அபராதமும் சேர்ந்திருக்கும்.

*

தம்பி, நல்ல வேளை சொன்னீர்கள். இப்போதுதான் போய்ப் பார்த்தேன், எங்கள் சுவரிலும் இரண்டு கல் அப்படித்தான் இருக்கிறது. கறிவேப்பிலை துளிர்த்துவிட்டது. பறிக்கத்தான் அம்மா இன்னும் என்னை விடுவதில்லை.