40,000 படங்கள், ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்

கேள்வி:
பன்னிரண்டு வருடப் படங்கள், 40,000-க்கு மேல், எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில். நேற்று அதைச் செருகியதும் உள்ளே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். இரண்டாவது தடவை திறந்துவிட்டது, ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. முதலில் ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்தட்டுமா? 'புதுசு', 'புதுசு 2', 'கடைசிப் புதுசு' என்று கிடக்கின்றன, சிரிக்காதீர்கள்.

பதில் 1:
ஒழுங்கெல்லாம் அப்புறம். அந்தச் சத்தம் வந்த டிஸ்கை நம்பவே கூடாது. இன்றே வேறொன்றுக்கு நகலெடுங்கள், முக்கியமானவற்றை முதலில். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே: இதுதான் 3-2-1 கணக்கு.

பதில் 2:
கிளவுடை நம்பினாலும் கவனம். போனில் இடமில்லையென்று நான் அழித்தவை, சிங்க் ஆகி (போனில் செய்த மாற்றம் கிளவுடிலும் தானாக நடந்து) அங்கேயும் காணாமல் போயின. நல்லவேளை, கிளவுடின் குப்பைத்தொட்டியில் கிடந்தன.

பதில் 3:
ஃபோல்டருக்கு 2014-06-21 என்று வருடத்தில் தொடங்கிப் பெயர் வையுங்கள். தானாக வரிசையில் நிற்கும். எடுத்த தேதி பெரும்பாலும் படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாக (கேமரா தானே பதியும் விவரம்) இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பப்பட்ட படங்களில்தான் அது இருக்காது.

கேட்டவர்:
சரி, 2,000 ஏறிவிட்டன. நடுவில் மகளுக்கு முதல் பல் விழுந்த படம் கண்ணில் பட்டு அரை மணி நேரம் போனது.