ஐப்பசி மழை வந்தா வீட்டுக்கல்வி அட்டவணை கலைஞ்சு போகுது: 9, 6, 3 வயசுப் பிள்ளைங்க

பாலக்கோடு_அம்மா கேட்டது:

வணக்கம். பாலக்கோடு பக்கம் இருக்கோம். பெரியவளுக்கு 9, நடுவுல பையனுக்கு 6, சின்னதுக்கு 3. மூணு பேரும் வீட்டுலதான் படிக்கிறாங்க. புரட்டாசி வரைக்கும் அட்டவணை ஒழுங்கா ஓடும். ஐப்பசி பொறந்ததும் மழை, தீபாவளி, காயாத துணி, மதியம் போற கரண்டு, ஒன்றரை ஏக்கர் மானாவாரி ராகி அறுப்பு, அதுல ஊடுபயிரா போட்ட அவரைன்னு எல்லாம் ஒண்ணா வந்து விழுது. வீட்டுக்காரருக்கு ஓசூர்ல ஷிப்ட் வேலை, பகல்ல உதவி கிடைக்காது.

மார்கழி வரைக்கும் பாடத்தை எந்த அளவுக்குக் குறைச்சா பிள்ளைங்க பின்தங்க மாட்டாங்க? வயல், சமையல் வேலையையே பாடமா மாத்தறதுன்னா, பொதுவா இல்லாம, என்ன செய்யணும்னு படிப்படியா சொல்லுங்க. இன்னொண்ணு, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு அரையாண்டு வருதேன்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க. பரிட்சை, சான்றிதழ் விஷயத்துல இப்பவே செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா?

கேவுருக்களி பதில்:

அக்கா, முதல்ல நேரம். ஐப்பசியில இடி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் கட்டும். கரண்டும் அப்பதான் போகும். அதனால உக்காந்து படிக்கிற பாடம் எல்லாம் காலை 7:30-லிருந்து 9:30-க்குள்ள முடியணும். பெரியவளுக்கு 25 நிமிஷம் வீதம் மூணு தடவை: தமிழ், கணக்கு, இங்கிலீஷ். பையனுக்கு 15 நிமிஷம் வீதம் ரெண்டு தடவை போதும். சமூக அறிவியலையும் அறிவியல் புத்தகத்தையும் தைக்கு எடுத்துக்கலாம். வாசிப்பை மட்டும் ஒரு நாள் கூட விடாதீங்க. ஆறு வயசுல எழுத்துக் கூட்டறது சில வாரம் நின்னா, மறுபடி பிடிக்க நாளாகும். கணக்கு அப்படி இல்ல, வயல்லயே ஓடிக்கிட்டிருக்கும்.

எல்லாத்துக்கும் முன்னாடி சின்னதுக்கு முதல் 15 நிமிஷம் கொடுங்க. மடியில உக்கார வச்சு ஒரு கதை, ரெண்டு பாட்டு. கடைசியா பாத்துக்கலாம்னு விட்டா அது பெரியவங்க நோட்டு மேல வந்து உக்காந்துக்கும்.

இப்ப ராகி. கதிர் எல்லாம் ஒரே நாள்ல முத்தாது. பாதிக் கதிர் பழுப்பானா முதல் அறுப்பு, ஏழு நாள் கழிச்சு மீதி எல்லாம். இந்தப் "பாதி"யைக் கண்டுபிடிக்கிறதுதான் பெரியவளுக்குச் சதவீதப் பாடம். வயலுக்குள்ள குறுக்கே நடக்கச் சொல்லுங்க. பத்து எட்டு வச்சதும் கால் பக்கத்துல இருக்கிற ஒரு கதிரைப் பாத்து பழுப்பா பச்சையான்னு நோட்டுல கோடு போடணும். இப்படி 20 கதிர். அதுல 10 பழுப்புன்னா 50 சதவீதம், அறுவா எடுக்கலாம். இதுல பிள்ளைங்க செய்யற தப்பு ரெண்டு. வரப்பு ஓரத்துலயே நின்னு எண்ணிடுவாங்க, ஆனா ஓரமும் நடுவும் ஒரே மாதிரி முத்தாது. இல்லேன்னா கண்ணுக்கு நல்லாப் படற பழுப்புக் கதிரையே தேடிப் போவாங்க. பத்து எட்டுன்னு கணக்கு வைக்கிறதே இந்த ரெண்டையும் தடுக்கத்தான். மூணு நாளைக்கு ஒருதரம் எண்ணி, தேதி போட்டு வரைபடம் வரையட்டும்.

ரெண்டாவது அறுப்புல பச்சைக் கதிரும் சேர்ந்து வரும். அதை உடனே காய வைக்காம ஒரு நாள் நிழல்ல குவிச்சு வச்சா உள்ள சூடும் ஈரமும் ஏறி மணி முத்தும். அந்தக் குவியலுக்குள்ள பிள்ளைங்க கையை விட்டுப் பாக்கட்டும், வெதுவெதுன்னு இருக்கும். ஒரு நாள் தாண்டி விட்டுடாதீங்க, இந்த ஈரத்துல பூஞ்சணம் பிடிச்சிடும்.

அடிச்சுத் தூத்தினதும் மணி எண்ணலாம். ஒரு கிராம்ல ஏறக்குறைய 330-லிருந்து 400 மணி வரைக்கும் இருக்கும். சமையலறைத் தராசுல நேரா ஒரு கிராம் நிறுத்தாதீங்க. அது முழு கிராமாத்தான் காட்டும், பாதி கிராம் கூடக்குறையப் போகும். 10 கிராம் நிறுத்து, தட்டுல பரப்பி, அட்டையால பத்துச் சமபங்காப் பிரிச்சு, ஒரு பங்கை மட்டும் பத்துப் பத்தா எண்ணட்டும். அதுலேருந்து ஒரு படியில எத்தனைன்னு போட்டா அவளுக்கு லட்சம் புரியும்.

பையனுக்கு அவரைதான் பாடம். அவரக்கொட்டையை ராத்திரி ஊறப் போட்டு, காலையில தோலைப் பிதுக்கறது விரலுக்கு நல்ல வேலை. எழுத்து கோணலா வர்ற பிள்ளைங்களுக்கு முக்கியமா இதைக் கொடுங்க. நுனியில நகத்தால லேசாக் கீறி, மறு நுனியில அழுத்தினா பருப்பு டப்புனு வெளிய குதிக்கும். தோல் ஒரு கிண்ணம், பருப்பு ஒரு கிண்ணம், பத்து சேந்ததும் தரையில ஒரு கோடு. மூணு வயசு சின்னது பக்கத்துல இருந்தா கண் எடுக்காதீங்க. மூக்குல போட்டுக்கிட்டா கொட்டை அங்கயே ஊறிப் பெருக்கும், எடுக்கறது பெரும் பாடு. சின்னதுகிட்ட முழுக் காயைக் கொடுத்து முறத்துல அடுக்கச் சொல்லுங்க.

களி கிளறும்போது அளக்கறது பையன் வேலை: தண்ணி 4 டம்ளர், நொய் அரை டம்ளர், மாவு 2 டம்ளர். நொய் வெந்ததும் மாவைக் குவியலாக் கொட்டி, நடுவுல களிக்கோலால ஒரு குழி போட்டு மூடி, சிறுதீயில அஞ்சாறு நிமிஷம் விடணும். ஏன் உடனே கிண்டக்கூடாதுன்னு அவனையே கேளுங்க. வேகாத மாவைக் கிண்டினா வெளிப்பக்கம் வெந்து உள்ள வெறும் மாவா கட்டி நிக்கும். ஒரு கட்டியை உடைச்சுக் காட்டினா போதும். கிண்டறது மட்டும் பெரியவங்க வேலை, கொதிக்கிற களி தெறிச்சா தோலோட ஒட்டிக்கும்.

மழைமானி பதில்:

மேலே சொன்ன நேரப் பங்கீடு சரி. நான் இரண்டு அளவைகளைச் சேர்க்கிறேன். இரண்டும் தினமும் ஐந்து நிமிடம்தான் எடுக்கும்.

முதலாவது மழைமானி. பக்கம் நேராக உள்ள 2 லிட்டர் பாட்டிலை, மேலே குறுகத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்பகுதியை மூடி இல்லாமல் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆகிவிடும், தண்ணீர் ஆவியாவதும் குறையும். பாட்டிலின் அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் அங்கிருந்து அளந்தால் கணக்கு தப்பும். சிறு கூழாங்கற்களைப் போட்டு, பாட்டில் நேராகத் தொடங்கும் உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யம் என்று அழியாத மார்க்கரால் குறியுங்கள். அங்கிருந்து மில்லிமீட்டர் கோடுகள். மேலே ஒளிபுகும் டேப் ஒட்டினால் கோடு அழியாது. நான்கு செங்கலுக்கு நடுவில் வையுங்கள், காற்றில் சாயாது. சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். கூரை ஓரம் வைத்தால் சொட்டுத் தண்ணீரும் சேர்ந்துவிடும்.

வானிலைத் துறை காலை 8:30-க்கு அளக்கிறது. நீங்களும் அதே நேரம் அளந்தால் செய்தியில் வரும் அளவோடு ஒப்பிடலாம். 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை, 64.5-லிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதீத கனமழை. இரவில் கொட்டினால் பாட்டில் நிரம்புமுன் ஒருமுறை அளந்து குறித்து, பூஜ்யம் வரை கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது. இந்த பாட்டில் அதில் பாதியைக்கூடத் தாங்காது. பெரியவளை 50 செ.மீ. உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். சின்னதின் இடுப்பு வரை வரும்.

1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 10 மீட்டருக்கு 6 மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 60 × 25 = 1500 லிட்டர். பெருக்கலுக்கு இதைவிடப் பொருளுள்ள கணக்கு கிடைக்காது.

இரண்டாவது, வெயில் அடிக்கும் நாளில் நிழல். தரைக்கு மேல் சரியாக 100 செ.மீ. இருக்கும்படி ஒரு கம்பை நட்டு, கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நம் பகுதியில் உச்சி வேளை நிழல் செப்டம்பர் 23 வாக்கில் 21 செ.மீ., அக்டோபர் கடைசியில் 49, நவம்பர் கடைசியில் 67, டிசம்பர் 21-இல் 71 செ.மீ. வடக்கு நோக்கி விழும். நம் ஊருக்குச் சூரிய உச்சி எப்போதும் கடிகாரத்தின் 12 மணி அல்ல. செப்டம்பர் 23-இல் சுமார் 12:10, நவம்பர் முதல் வாரத்தில் 12:01, டிசம்பர் 21-இல் 12:15. அதனால் 11:50-லிருந்து 12:30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, மிகக் குட்டையான நிழலை எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பு சாய்ந்திருந்தால் எல்லாமே தப்பாகிவிடும். மேகம் மறைத்த நாளை வெறுமையாக விடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம் என்பதையும் பிள்ளைகள் கற்கட்டும்.

சாமந்தித்_தோட்டம் பதில்:

மழைமானி சொன்னவர் ஒண்ணை விட்டுட்டார். அந்த பாட்டிலே கொசு வளர்க்கும். டெங்கு பரப்பற ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க 7-லிருந்து 10 நாள்தான். பூஜ்யம் வரைக்கும் நிக்கிற தண்ணியை வாரம் ஒருதரம் முழுசாக் கொட்டி, பாட்டில் உள்பக்கத்தையும் கல்லையும் நார் போட்டுத் தேய்ங்க. முட்டை சுவத்துல ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட கிடக்கும். சும்மா கவுத்தா போகாது. இதை ஞாயித்துக்கிழமை வேலையா வைங்க: மழைமானி, பூந்தொட்டித் தட்டு, ஆட்டுக்கல் குழி, டயர், ஃபிரிட்ஜ் பின்னாடி தட்டு. பையன் கையில ஒரு பட்டியலைக் கொடுத்து டிக் போடச் சொல்லுங்க. ஆறு வயசுக்கு அது வாசிப்புப் பாடமும் ஆச்சு.

காய்ச்சல் வந்தா எடைக்கு ஏத்த பாரசிட்டமால் மட்டும். டெங்கு இல்லன்னு தெரியற வரைக்கும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து. காய்ச்சல் விட்ட பிறகு வர்ற ஒண்ணு ரெண்டு நாள்தான் ரொம்பக் கவனிக்கணும். வயித்துவலி, விடாத வாந்தி, சோர்வுன்னா உடனே ஆஸ்பத்திரி.

துணி விஷயம்: ஆளுக்கு நாலு செட் மட்டும் வெளிய வைங்க, மீதியைப் பெட்டியில பூட்டுங்க. ஈரத் துணியை அழுக்குக் கூடையில போட்டா ரெண்டே நாள்ல கரும்புள்ளி விழும், அப்புறம் எதுக்கும் போகாது. முதல்ல கொடியில தண்ணி வடியட்டும். உள்ளே ஃபேன் அடியில காய வைக்கும்போது துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விடுங்க. நோட்டுப் புத்தகத்தையும் தகரப் பெட்டிக்கு மாத்திடுங்க. ஈரம் ஏறின தாள்ல பென்சில் கிழிக்கும், பையன் எழுதவே மாட்டேன்னு அடம்பிடிப்பான். காரணம் தாள்னு நமக்குத் தெரியாது.

பதிவேடு பதில்:

பரிட்சை பற்றி மட்டும். அரையாண்டுக்காக இப்போது செய்ய வேண்டியது எதுவும் இல்லை. பள்ளிக்குப் போகாமல் படிப்பவர்களும் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறக்கூடிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் (NIOS) அடிப்படைக் கல்வித் திட்டத்தில் ஏ, பி, சி என மூன்று நிலைகள், முறையே 3, 5, 8ஆம் வகுப்புக்கு இணை. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்க நினைத்தால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழி தருகிறது. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, அதையும் தெரிந்து வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், பின்னால் சிக்கல் அங்கேதான் வரும். மேலே சொன்ன கதிர் எண்ணிக்கை, மழை, நிழல் கணக்குகளைத் தேதியோடு ஒரே நோட்டில் வைத்தால் சொந்தக்காரர்களுக்குக் காட்டவும் அதுவே போதும்.

பாலக்கோடு_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்கே பாட்டில் வெட்டறோம். இன்னொரு கேள்வி: கார்த்திகைக்கு மாவளி (பனம்பூக் கரித்தூளைத் துணியில சுருட்டிக் கட்டி, கயித்துல சுத்திப் பொறி பறக்க விடறது) சுத்தணும்னு பிள்ளைங்க கேக்கறாங்க. கடையில வாங்காம வீட்டுலயே கட்டினா பொறி சரியா வருமா?

பனங்காடு பதில்:

வரும்மா, ஆனா கரி பதமா இருக்கணும். காஞ்ச ஆண் பனைப் பூவை ஒரு முழம் ஆழக் குழியில அடுக்கிக் கொளுத்துங்க. தீ அடங்கி எல்லாம் கங்கானதும் ஈரச் சாக்கு போட்டு மேல மண்ணைத் தள்ளி மூடணும். புகை ஒரு இடத்துல கசிஞ்சாலும் அங்க மண் போடுங்க. காத்து போனா கரி கிடைக்காது, சாம்பல்தான் மிஞ்சும். மறுநாள் எடுத்து, உரல்ல நைஸா இடிச்சு, துணியில சலிக்கணும். குறுணையா இருந்தா பொறி பறக்காது, துண்டு துண்டாக் கங்கு விழும், ஆபத்து. கார்த்திகை ஈரத்துல கரித்தூள் ஒரு ராத்திரியில நமுத்துப் போகும். இறுக்கி மூடற டப்பாவுல வச்சு, கட்டற அன்னிக்கு வெயில்ல காட்டுங்க.

பழைய பருத்தித் துணியில தூளை வச்சு, ஒரு சாண் நீளத்துக்குக் கெட்டியாச் சுருட்டி நூலால இறுக்குங்க. நைலான் கலந்த துணி உருகி ஒழுகும், வேண்டாம். பச்சைப் பனை மட்டையை நீளவாக்குல மூணாப் பிளந்து, நடுவுல சுருட்டை வச்சு மேலயும் கீழயும் கட்டணும். மட்டை காஞ்சிருந்தா அதுவே பத்திக்கும். சுத்தற கயிறு பெரியவங்க கைக்கு ஒன்றரை மீட்டர் போதும். சுருட்டு நுனியில ரெண்டு கங்கு வச்சு ஊதி, செவந்ததும் மெதுவா ஆரம்பிச்சு வேகத்தைக் கூட்டுங்க.

9 வயசுப் பிள்ளை இடிக்கலாம், சலிக்கலாம், கட்டலாம். சுத்தறது பெரியவங்க மட்டும். பிள்ளைங்க பருத்தி உடுப்புல, குறைஞ்சது பத்தடி தள்ளி. ராகித் தாள் போர் இருக்கிற பக்கம் போகவே வேண்டாம், காத்து அடிக்கிற திசையைப் பாத்து நில்லுங்க, பக்கத்துல ரெண்டு வாளி தண்ணி. ஒவ்வொரு பொறியும் வட்டத்தை விட்டு எந்தப் பக்கம் நேராப் போகுதுன்னு பெரியவளைப் பாக்கச் சொல்லுங்க. மறுநாள் சிலேட்டுல வரையட்டும்.

அணைஞ்சாப்பல தெரிஞ்சாலும் சுருட்டுக்குள்ள கங்கு ரொம்ப நேரம் இருக்கும். மட்டையோட வாளித் தண்ணியில முக்கி, விடியற வரைக்கும் அதுலயே கிடக்க விடுங்க. காலையில அந்த வாளியையும் மறக்காம கவுத்துடுங்க, சாமந்தித் தோட்டம் சொன்ன கொசு ஞாபகம் இருக்கட்டும்.