நெடுந்தீவு: அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய் வர முடியுமா?

கோவைக்காரன்:
வணக்கம். பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி வாரம் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறோம். நான், மனைவி, ஏழு வயதுப் பையன், 68 வயது அம்மா. அம்மாவுக்கு நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட வேண்டும், வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. பையன் ஏதோ வீடியோவில் நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்துவிட்டு அன்றிலிருந்து உயிரை எடுக்கிறான். இரண்டு தீவுக்கும் ஒரே துறையிலிருந்துதான் படகு என்று படித்தேன், அதனால் ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. காலையில் டவுனில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதுமா? தீவில் வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு, படகில் ஏறி இறங்குவது எப்படி இருக்கும்?

தீவான்:
ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டால், படகு புறப்படுகிற குறிகட்டுவான் துறையில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் அண்ணை. நான் நெடுந்தீவில் பிறந்தவன், வேலை யாழ்ப்பாணத்தில், மாதத்தில் இரண்டு தரமாவது அந்தப் படகில் போய் வருகிறேன். படகு சுற்றுலாக்காரருக்காக ஓடுவதில்லை. தீவுச் சனத்துக்காகவும் அங்கே வேலைக்குப் போகிற ஆசிரியர்கள், உத்தியோகத்தர்களுக்காகவும் ஓடுகிறது. ஆகவே காலையில் போகும், பின்னேரம் ஆகுமுன்னே திரும்பிவிடும். நேரம் அடிக்கடி மாறும், இங்கே யாராவது எழுதுகிற நேரத்தை நம்பாதீர்கள் (நான் எழுதினாலும்தான்). முதல் நாள் மாலை நீங்கள் தங்குகிற இடத்துக்காரரைக் கொண்டு விசாரியுங்கள்.

டவுனிலிருந்து குறிகட்டுவானுக்கு 776 பஸ். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, அப்புறம் இரண்டு பக்கமும் கடலாக இருக்கிற நீளப் பாதையில் புங்குடுதீவு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். நாலு பேர் என்றால் வான் பிடிப்பது நல்லது, எப்படியும் ஆறு மணிக்கு வீதியில் இருக்க வேண்டும். சாப்பாட்டைக் கட்டி எடுங்கள்.

கடல் சுமார் ஒரு மணித்தியாலம். ஜனவரி கடைசியில் பெரிதாகப் பயமில்லை. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுகிற ஜூன், ஜூலையில் கேட்டிருந்தால் அம்மாவைக் கூட்டிப் போக வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். அவவுக்குக் கஷ்டம் கடலில் இல்லை, துறையில்தான். சில நாட்களில் ஒரு படகுக்குப் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டியிருப்பார்கள், முதல் படகில் கால் வைத்து அதன் விளிம்பைத் தாண்டி அடுத்ததில் இறங்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஆடாது, ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும். படகுப் பெடியள் கையைப் பிடித்து இறக்குவார்கள், நீங்கள் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும். மரப்படகு என்றால் உள்ளே புழுக்கமும் டீசல் மணமும் இருக்கும், பையனைக் காற்று வருகிற பக்கம் வைத்திருங்கள்.

சைக்கிளை மறந்துவிடுங்கள். தீவு கிட்டத்தட்ட 50 சதுர கிலோமீட்டர், நிழல் மிகக் குறைவு. மாவிலித்துறையில் இறங்கியவுடன் ஓட்டோக்கள் நிற்கும். ஏறுமுன் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: எவ்வளவு, எங்கெங்கே, எத்தனை மணிக்குத் திரும்பத் துறையில் விடுவார்.

வெள்ளவத்தை வாசி:
தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் பிள்ளைக்குக் குதிரைதான் முக்கியம் என்றால் ஒரு நாள் போதும் என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் ஒரு ஆகஸ்டில் போனோம். பகல் பதினொரு மணிக்குத் தெற்குப் பக்க வெளியில் போய் நின்றால் தூரத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ தெரிந்தது. ஓட்டோக்காரர் அவைதான் குதிரை என்றார், என் மகள் மாடு என்றாள், கடைசி வரை முடிவாகவில்லை. அப்புறம் நான் குயின்ஸ் டவர் என்கிற பழைய கோபுரத்தை எல்லாப் பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்ததில் நேரம் போய், துறைக்கு வந்தபோது படகு கண்ணுக்கு எட்டிய தூரத்தில் போய்க்கொண்டிருந்தது! வேறு வழியில்லாமல் தங்கினோம். அடுத்த நாள் விடிகாலையில் பார்க்க வேண்டுமே, குதிரைகள் கூட்டமாக வந்து நீர் குடித்தன, ஒரு குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டியே நடந்தது. பிறகு முந்தின நாள் கவலை எல்லாம் போய்விட்டது.

தங்கும் இடங்கள் கொஞ்சம்தான், முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். காசைக் கையில் வைத்திருங்கள், கார்டை நம்ப வேண்டாம். தண்ணீர்ப் போத்தல்களும் கொண்டு போங்கள், பல கிணறுகள் உவர். குதிரைக்குக் கிட்டப் போகவோ தீனி கொடுக்கவோ பிள்ளையை விடாதீர்கள், அவை வளர்ப்புக் குதிரைகள் மாதிரி இல்லை, காட்டுக் குணம்.

பெருக்க மரத்தையும் (பாவோபாப் என்பார்களே, அதுதான்) காட்டுங்கள். அடிமரத்தில் வாசல் மாதிரி ஒரு பொந்து, பையன் உள்ளே போய் நிற்கலாம். இன்னொன்று, வீட்டு மதில்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாந்து பூசாமல் வெறும் பவளக் கல்லை அடுக்கியிருக்கிறார்கள், சில கற்களில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாகக் கோடு தெரியும். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையும் அதே கல்தான், இடிந்து கிடக்கிறது, பத்து நிமிடம் போதும். ஒரு கல்லையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கோவைக்காரன்:
நல்லவேளை கேட்டேன். ஒன்பது மணி டிபன் கேன்சல். தங்குவதை அம்மா யோசிக்கிறார், புது இடத்தில் கழிப்பறை எப்படியோ என்று கவலை. நாங்கள் தங்காமல் பகலில் போய்த் திரும்பினால், குறிகட்டுவானில் இறங்கிய கையோடு நயினாதீவு போய்விடலாமா?

மணிபல்லவம்:
படகைப் பொறுத்தவரை முடியும். நயினாதீவு கால் மணி நேரத் தூரம்தான், படகும் அடிக்கடி இருக்கும். ஆனால் வெயிலில் ஓட்டோவில் குலுங்கி, இரண்டு தரம் கடல் தாண்டி வந்த அம்மாவை மறுபடி படகில் ஏற்றி, கோயிலில் பத்து நிமிடம் நிற்க வைத்துத் திருப்பிக் கூட்டி வருவதற்குப் பெயர் தரிசனமா? அவர் கேட்டதே அந்த ஒன்றுதான் என்கிறீர்கள். அதற்கு ஒரு காலை முழுதாகக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கும். பௌர்ணமி நாளைத் தவிருங்கள், அங்கே இருக்கும் நாக விகாரை என்ற பௌத்தக் கோயிலுக்கு இலங்கையின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும், துறையில் வரிசை நீளும். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும், வேட்டி கொண்டு போங்கள். மதியம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம், சாப்பிட்டுவிட்டே திரும்பலாம்.

கோவைக்காரன்:
சரி, இரண்டு நாளாகப் பிரித்துவிடுகிறேன். எது முதலில்? அம்மா கோயிலுக்குப் போய் வரும் வரை சைவம்தான், நெடுந்தீவில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தீவான்:
சொன்னால் சமைத்துத் தருவார்கள். ஆனால் இறங்கியவுடனேயே ஓட்டோக்காரரிடம் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட வேண்டும், பசித்த பிறகு கேட்டால் அப்போதுதான் அடுப்பு மூட்டுவார்கள். என்னைக் கேட்டால் முதல் நாள் நயினாதீவு, மறுநாள் நெடுந்தீவு. எங்கள் ஊருக்கு வந்துவிட்டு மீன் சாப்பிடாமல் போனால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.